கல் நட்ட பிறகா கேள்வி?

மனுப் போடுகிறவர் ஒருவர். அதைப் பரிசீலிக்கிறவர் ஒருவர். உத்தரவில் கையெழுத்திடுகிறவர் மற்றொருவர். ஆனால் அந்த உத்தரவின் பாரத்தைக் காலமெல்லாம் சுமக்கப் போகிறவர்கள் இந்த மூவரில் எவரும் அல்லர். அடுத்த வயலில் நாற்று நடுகிறவர்களும், கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கிறவர்களும், மாதத் தவணையில் மனை வாங்கிவிட்டுப் பத்திரத்துக்காக அலைகிறவர்களும்தாம் அவர்கள். விளைநிலத்தை வீட்டுமனையாக்க நம் ராஜ்யத்தில் எப்படி அனுமதி வழங்கப்படுகிறது என்று பேசப் புகுந்தால், இந்த மௌன சாட்சிகளைத்தான் நாம் முதலில் கூண்டில் ஏற்றியாக வேண்டும்.

பாலசமுத்திரத்தை எடுத்துக்கொள்வோம். பழநிக்குத் தெற்கே, மலை தரையைத் தொடுகிற இடத்தில் இருக்கிற பேரூராட்சி. பெருமாள் கோயில் கொண்ட பழைய ஊர். கொடைக்கானல் மலைச் சரிவில் பெய்கிற மழை இந்தப் பக்கத்தில்தான் பாலாறாகவும் பொருந்தலாறாகவும் இறங்கி, அணையில் தேங்கி, பிறகு சண்முகநதியாகி அமராவதிக்குப் போகிறது. இவ்விரண்டையும் தவிரப் பெயரில்லாத ஓடைகள் பல உண்டு. ஆண்டில் பத்து மாதம் அவை வறண்டு கிடக்கும், ஆடு மேயும், பிள்ளைகள் பந்தாடுவார்கள். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் அதே ஓடை ஆறாகிவிடும். நெல்லும் கரும்பும் தென்னையும் மாவும் இந்தத் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. பக்கத்து ஆயக்குடிக் கொய்யாவை அறியாதவர் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார்கள்.

இத்தகைய ஊரின் நிலத்துக்கு இன்று புதிதாக ஒரு மவுசு வந்திருக்கிறது. காரணம் எவருக்கும் தெரிந்ததுதான். பழநிக்கு வருகிற கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகுகிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வந்து தங்கியவர்களில் சிலருக்கு, இங்கேயே ஒரு மனை வாங்கிப் போட்டால் என்ன என்று தோன்றுகிறது. மலைமேல் கொடைக்கானலில் கட்டுவதற்கோ கெடுபிடி அதிகம். மேலே அடைத்த தண்ணீர் கீழே வழியாமல் இருக்குமா? மலைக்காட்சி, குளிர்ந்த காற்று, முருகன் அருள் என்று மூன்றையும் ஒரே விளம்பரப் பலகையில் எழுதி விற்கும் சாமர்த்தியம் நம் மனை வியாபாரிகளுக்கு உண்டு. முருகனிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை!

ஓடைக்கரையில் பத்து ஏக்கர் தோப்பு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இது நாம் கற்பனையாகச் சொல்லும் தோப்பு, எவரையும் சுட்டவில்லை. ஆனால் பழநி வட்டாரத்து வாசகருக்கு இதைப் படிக்கும்போதே நாலைந்து தோப்புகள் நினைவுக்கு வந்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல.

தோப்பை வாங்கியவர் முதலில் செய்வது, அதைத் தரிசு போடுவது. தண்ணீர் விடுவதில்லை. தென்னை காய்கிறது. அடங்கலில் இரண்டு மூன்று பசலி தொடர்ந்து 'தரிசு' என்று விழுந்துவிட்டால், பிறகு அது விவசாய நிலம் என்று வாதாட யாரும் இல்லை. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதற்கென்று 2017-ல் தனி விதிகள் வந்தன. நஞ்சையாயிருந்தால் கலெக்டரின் இசைவு வேண்டும். வேளாண்மை இணை இயக்குநரின் அறிக்கை வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அறிக்கை எழுத வருகிறவர் காண்பது காய்ந்த மட்டைகளை. அந்த மட்டைகள் எப்படிக் காய்ந்தன என்பதற்கு அவருடைய படிவத்தில் கட்டம் கிடையாது.

அடுத்தது காகிதம். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று, வக்கீல் அபிப்பிராயம், அளவு வரைபடம் என்று ஒரு கட்டு. இப்போது இவற்றை ஒற்றைச் சாளர முறையில் கம்ப்யூட்டர் வழியாகவே அனுப்பலாம். மனு திண்டுக்கல்லுக்குப் போகிறது. நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் பரிசீலனைக்கு எடுக்கப்படுகிறது. சாலை எத்தனை அடி, திருப்பம் சரியா, மனைக்கு அணுகுவழி உண்டா என்று வரைபடத்தை அளக்கிறார்கள். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக நூற்றுக்குப் பத்து பங்கை ஊருக்குப் பொதுவெளியாகத் தானப் பத்திரம் எழுதித் தந்தாக வேண்டும். நம் பத்து ஏக்கர் அதற்கு உட்பட்டதே. பத்தில் ஒரு பங்கு ஊருக்கு! கேட்பதற்கு இனிக்கிறது. எந்தப் பத்தில் ஒரு பங்கு என்று பாருங்கள். விற்க முடியாத மூலை, ஓடையோரத்துப் பள்ளம், உயர் அழுத்தக் கம்பி போகும் கீற்று ஆகியவைதாம் பெரும்பாலும் 'பூங்கா' என்று பச்சை வர்ணம் பூசிக்கொண்டு வரைபடத்தில் சிரிக்கின்றன. பள்ளத்தைத் தானம் செய்து, மேட்டை விற்றுவிடும் இந்தக் கொடைவள்ளல்களைப் பாடுவதற்குச் சங்கப் புலவர்கள் இல்லாமல் போனது நமது துரதிர்ஷ்டம்.

பிறகு பல இலாகாக்களின் தடையின்மைச் சான்றுகள். ஓடை அருகே என்றால் நீர்வளத் துறை. காடு அருகே என்றால் வனத்துறை. கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. அதன் ஓரத்து ஊர்களில் யானை தோட்டத்துக்குள் இறங்குவது புதிய செய்தி அல்ல. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் வருகிற கிராமமாயிருந்தால் வேளாண் பொறியியல் துறையும் கனிமத் துறையும்கூட அபிப்பிராயம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இலாகாவும் தன் பங்குக்கு 'எமது துறையைப் பொறுத்தவரை ஆட்சேபணை இல்லை' என்று எழுதுகிறது. இந்த வாசகத்தில் 'எமது துறையைப் பொறுத்தவரை' என்ற சொற்களை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தண்ணீரைப் பொறுத்தவரை ஒருவர், மண்ணைப் பொறுத்தவரை ஒருவர், மரத்தைப் பொறுத்தவரை ஒருவர். ஊரைப் பொறுத்தவரை யார்?

சட்டம் இதை மறந்துவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினது. அதற்கு முன் 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம் இருந்தது. ஆக, நூறாண்டுக்கு மேலாக நமக்கு இந்தக் கலையில் பழக்கம் உண்டு. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49-வது பிரிவு, அனுமதி கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும்போது அதிகாரி எவற்றைக் கருத வேண்டும் என்று மூன்றே விஷயங்களைச் சொல்கிறது. என்ன நோக்கத்துக்காக அனுமதி கேட்கப்படுகிறது? அந்த நோக்கத்துக்கு இந்த இடம் ஏற்றதா? இந்தப் பகுதியின் எதிர்கால வளர்ச்சியும் பராமரிப்பும் என்னாகும்? ஒரு கிராமத்துப் பெரியவர் பெண் கொடுக்கும்போது கேட்கிற கேள்விகளைப் போலவே இருக்கின்றன. எதற்கு, எங்கே, நாளைக்கு என்ன என்பவைதாம்.

சட்டம் மூன்று கேள்வி கேட்கிறது. அலுவலகம் கேட்பதோ ஒரே கேள்வி: காகிதம் சரியாக இருக்கிறதா?

முதல் கேள்விக்கு மனுதாரரே பதில் எழுதிவிடுகிறார். இரண்டாவது கேள்வியான இடப்பொருத்தம், சான்றிதழ்களின் எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுகிறது. மூன்றாவது கேள்வி கோப்பிலேயே ஏறுவதில்லை. இந்தப் பத்து ஏக்கரில் நூறு வீடு எழுந்தால் குடிநீர் எங்கிருந்து வரும்? கழிவுநீர் எங்கே போகும்? (ஓடையில் போகும் என்பதை நாமறிவோம், கோப்பு அறியாது.) இதே ஓடைக்கரையில் இதற்கு முன் எத்தனை மனுக்களுக்கு அனுமதி தரப்பட்டது? ஒரு மனை பிரிவதால் ஓடை சாகாது. ஏழாவது மனைப்பிரிவில் சாகும். ஆனால் ஏழாவது மனுவைப் பார்க்கிறவர் முன்னால் முதல் ஆறும் விரிந்து கிடப்பதில்லை. ஒவ்வொரு மனுவும் அன்று பிறந்த குழந்தையைப் போல், பூர்வோத்தரம் ஏதுமின்றி அவர் மேஜைக்கு வருகிறது.

அதிகாரிகளை மட்டும் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. அவர்களில் நேர்மையானவர்களை நாமறிவோம். அறைக்குள் மனுதாரரும் அவருடைய வரைபட நிபுணரும் மட்டுமே வந்து போகிறார்கள். மறுபக்கத்தைச் சொல்ல ஒருவரும் வருவதில்லை. வந்தால்தானே எந்த அதிகாரிக்கும் தெரியும்? ஏன் வரவில்லை? செய்தியே தெரியாதவன் எப்படி வருவான்!

ஒரு விசித்திரத்தைக் கேளுங்கள். ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரித்தால், அதைப் பகிரங்கமாக வெளியிட்டு, ஜனங்கள் ஆட்சேபணையும் யோசனையும் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும் என்று அதே 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இருபது ஆண்டுக் கனவைப் பற்றி ஊரைக் கேட்கிறார்கள். நாளைக் காலையில் ஜே.சி.பி. இயந்திரம் இறங்கப் போகிற பத்து ஏக்கரைப் பற்றி அடுத்த வயல்காரனிடம்கூட ஒரு வார்த்தை இல்லை. மனு மறுக்கப்பட்டால் மனுதாரருக்கு மேல்முறையீடு உண்டு. அனுமதிக்கப்பட்டால், அதனால் நசுங்கப் போகிறவனுக்கு அந்தச் செய்தி கல் நடும்போதுதான் கிடைக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், முப்பது நாளில் பதில் வரும். ஆனால் எந்த மனுவைப் பற்றிக் கேட்பது என்று தெரிந்தவனுக்குத்தானே அந்த வழி?

இங்கிலாந்தில் என்ன செய்கிறார்கள்? நிலப்பிரபுக்களின் நாடு அது. சோஷலிச பூமி அல்ல. அங்கே தொழிற்கட்சி சர்க்கார் 1947-ல் ஒரு நகர் ஊரமைப்புச் சட்டம் கொண்டுவந்தது. இன்று அங்கே ஒருவர் நிலத்தை மாற்றியமைக்க மனுப்போட்டால், மனு பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. அந்த இடத்திலேயே அறிவிப்பு ஒட்டப்படுகிறது, அல்லது அண்டை வீட்டாருக்குக் கடிதம் போகிறது. இருபத்தொரு நாள் அவகாசம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெரிய மனுவாயிருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் குழு பகிரங்கமாகக் கூடி முடிவு செய்கிறது. அதிகாரியின் அறிக்கை முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. மறுத்தால் காரணம் எழுதியாக வேண்டும். அங்கேயும் பணக்காரர் வெல்வதுண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வெளிச்சத்தில் நின்று வெல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரனிடமிருந்து கலெக்டர் கச்சேரியையும் சிவப்பு நாடாவையும் சுவீகரித்துக்கொண்ட நாம், இதை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

இப்போது மலைமேல் ஏறிப் பார்ப்போம். காகிதம் மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும், காகிதத்தையும் மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் கொடைக்கானலைவிடச் சிறந்த பாடசாலை இல்லை.

அங்கே 1991-வாக்கில் பிளசண்ட் ஸ்டே என்ற ஓட்டல் எழத் தொடங்கியது. இரண்டு தளத்துக்குத்தான் இடம் உண்டு என்ற ஊரில் ஏழு தளம் எழுந்தது. 1992 மே மாதம் அதற்குச் சர்க்கார் விதிவிலக்கு அளித்து உத்தரவு போட்டது. பழநி மலைப் பாதுகாப்புக் குழுவினர் வழக்குத் தொடுத்தார்கள். 1995-ல் சென்னை ஐகோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது; அதே ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. கூடுதல் மாடிகள் இடிபட நேர்ந்தது. பிறகு அது கிரிமினல் வழக்காயிற்று. 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி தனி நீதிமன்றம் முன்னாள் முதலமைச்சருக்கு ஓராண்டுத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் ஐகோர்ட் அவரை விடுதலை செய்தது. தண்டனை வந்த அன்றைக்குத் தருமபுரியில் ஒரு பஸ் கொளுத்தப்பட்டு, வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் கருகி மாண்டதைத் தமிழகம் மறக்காது. ஒரு மலையூர் ஓட்டலுக்கு எத்தனை மாடி என்ற கணக்கு எங்கே போய் முடிந்தது, பார்த்தீர்களா?

அந்த விதிவிலக்கு மனு கோட்டைக்குப் போவதற்கு முன் கொடைக்கானல் ஜனங்கள் முன் வைக்கப்பட்டிருந்தால்? ஒரு சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, 'இங்கே ஏழு மாடி கட்ட விதிவிலக்குக் கேட்கப்படுகிறது' என்று தமிழில் எழுதியிருந்தால்? இதைத் தவிர நாம் வேறொன்றும் கேட்கவில்லை.

1993-ல் கொடைக்கானலுக்கு முழுமைத் திட்டம் வந்தது. வீட்டுப் பகுதி எது, வியாபாரப் பகுதி எது என்று வரையறுத்தார்கள். கால் நூற்றாண்டுக்குப் பின் என்ன நிலை? ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் விதிமீறியவை என்று கணக்கு வந்தது. 2019-ல் ஐகோர்ட் மதுரைக் கிளையின் உத்தரவுப்படி ஓட்டல்களும் விடுதிகளும் வரிசையாகப் பூட்டி முத்திரை வைக்கப்பட்டன. வேலையிழந்தவர்கள் யார்? அறை கூட்டுகிற பெண்களும், சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிற பையன்களும். 2024 மே மாதம் முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஐகோர்ட் சொல்ல வேண்டியதாயிற்று. மேலே போகிற காருக்குச் சீட்டுக் கேட்கிறார்கள், சரிதான். மலையடியில் கல் நடுகிறவரை மறித்துக் கேட்க ஒரு சோதனைச் சாவடி உண்டா?

இன்னொரு கதை இதைவிட ஏழை மக்களுக்கு நெருக்கமானது.

நம் கட்சித் தோழர்களிலேயே எத்தனை பேர் மனைத் தவணைச் சீட்டில் சேர்ந்திருக்கிறார்கள் என்று கைதூக்கச் சொன்னால் நமக்கே தலைகுனிவாக இருக்கும். மில் தொழிலாளி, ஆசிரியர், கண்டக்டர், அஞ்சலகச் சிப்பந்தி என்று மாதாமாதம் வயிற்றைக் கட்டிப் பணம் கட்டியவர்கள் இவர்கள். பல ஆண்டுகளாக, எந்த அனுமதியும் பெறாமல், வயலில் கல் நட்டு, 'சாலை' என்று சுண்ணாம்புக் கோடு போட்டு விற்றார்கள். பத்திர ஆபீசில் தடையின்றிப் பதிவும் ஆயிற்று. அனுமதியற்ற மனையைப் பதிவு செய்யக்கூடாது என்று பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்த தமிழ்நாட்டுச் சட்டம் 2009-ஆம் ஆண்டினது. அது நடைமுறைக்கு வந்தது எப்போது? 2016 அக்டோபர் 20-ஆம் தேதி! ஏழாண்டு உறக்கம். அந்த உறக்கத்திலும் அது தானாக விழித்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஐகோர்ட் அத்தகைய பதிவுகளுக்குத் தடை விதித்து உலுக்கிய பிறகே விழித்தது. இடைப்பட்ட ஏழாண்டில் எத்தனை வயல்கள் கல்லாயின என்பதை மலையடியில் நடந்து பார்த்தால் கண்ணே சொல்லும்.

பிறகு 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டினால் அங்கீகாரம். ஓடை, கால்வாய், குளம் ஆகியவற்றில் விழுந்த மனைகளுக்கு இல்லை. மலைப்பகுதிகளுக்கென்று 2020-ல் தனி விதிகள் போட்டார்கள். இதை நாம் அடியோடு எதிர்க்கவில்லை. ஏமாந்தவனுக்கு ஒரு வழி வேண்டும். ஆனால் அந்தக் கட்டணத்தைக் கட்டியவர் யார்? மனையை விற்றுக் காசாக்கிக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போய்விட்ட வியாபாரியா? இல்லை. வாங்கிய கண்டக்டரும் ஆசிரியரும்தாம் பெரும்பாலும் கட்டினார்கள். ஓடையில் மனை வாங்கியவனுக்கோ அதுவும் இல்லை. அவன் பணம் ஓடைத் தண்ணீரோடு போயிற்று. விற்றவன் கையில் ஒரு துளி ஈரம் படவில்லை.

இந்த வரன்முறை நடந்த காலத்தை வாசகர் மறக்கக்கூடாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். ஐந்தாண்டுக்கு மேல் பாலசமுத்திரத்துக்கும் அதைப்போன்ற நூற்றுக்கணக்கான பேரூர்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. எந்த மனைக்கு அங்கீகாரம், எந்தச் சாலை பொதுச் சாலை, எந்தப் பள்ளம் பூங்கா என்ற முடிவுகளெல்லாம் குவிந்த அந்த ஆண்டுகளில், ஊர் சார்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சர்க்கார் நியமித்த தனி அதிகாரி. கேள்வி கேட்க உறுப்பினரும் இல்லை. பதில் சொல்லத் தலைவரும் இல்லை.

விதிவிலக்கு என்ற வாசலும் இருக்கிறது. சட்டத்தின் 113-வது பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் நிலத்துக்கும் சர்க்கார் விலக்களிக்கலாம் என்கிறது. அப்படிக் கொடுத்த 62 உத்தரவுகளை எதிர்த்து ஒரு நுகர்வோர் அமைப்பு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பிரிவு செல்லும் என்று சொன்ன கோர்ட், காரணம் காட்டாமல் அந்த அதிகாரத்தைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. காரணம் எழுதாத உத்தரவு யாருக்கு வசதி? காரணம் உள்ளவன் எழுதியிருப்பான்.

காகிதம் சரியாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு மவுலிவாக்கத்தை நினைவூட்டுகிறோம். 2014 ஜூன் 28-ஆம் தேதி, சென்னைக்கு அருகே, திட்ட அனுமதி பெற்று எழுந்துகொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் கூலிக்கு வந்த கட்டடத் தொழிலாளிகள். அந்தக் கோப்பில் முத்திரை இருந்தது. இடத்துக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு மண் பதில் சொல்லிற்று. மலையில் அந்தப் பதில் இன்னும் கொடூரமாக வரும். 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனபோது இருநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பெருமழைதான் காரணம் என்பது உண்மை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கே என்ன செய்யலாம் என்பதை அந்தந்தக் கிராம சபைகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று மாதவ் காட்கில் குழு 2011-லேயே அறிக்கை கொடுத்ததும் உண்மை. அந்த அறிக்கையைத் தூக்கிப் பரணில் போட்டதும் உண்மை.

'நீங்கள் அபிவிருத்தியின் விரோதிகள்' என்று நம்மைச் சொல்வார்கள். பழகிப்போன வசைதான். ஏழைக்கு வீடு வேண்டாம் என்று நாம் எப்போது சொன்னோம்? வீட்டுமனைப் பட்டாவுக்காகச் சிறை சென்ற இயக்கம் இது. சிறு வீட்டுக்காரன் ஓட்டைச் சுவரை இடித்துக் கட்டுவதற்கு ஆறு மாதம் அலைவது கொடுமை. அந்த வகையில், 2024 ஜூலை மாதம் சர்க்கார் கொண்டுவந்த சுயசான்று முறையை நாம் வரவேற்கவே செய்கிறோம். இரண்டாயிரத்து ஐந்நூறு சதுர அடிக்குள் மனை, மூவாயிரத்து ஐந்நூறு சதுர அடிக்குள் வீடு என்றால், சொந்தப் பொறுப்பில் உறுதி கொடுத்து உடனே அனுமதி பெறலாம். மாமூலுக்குக் கை நீட்டிய சிலருக்கு அதனால் மனவருத்தம் உண்டாயிருக்கும், நமக்கில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. சிறிய மனுக்களின் சுமை குறைந்து அலுவலகத்துக்கு மிச்சமான நேரம் எங்கே போயிற்று? பத்து ஏக்கர் தோப்பின் ஓடைக்கரையில் அந்த நேரத்தைச் செலவிடலாமே. ஐப்பசி மழையில் ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை என்று இரண்டு முறை நேரில் போய்ப் பார்க்கலாமே. கோடையில் மட்டும் ஓடையைப் பார்த்தவன் அதை மைதானம் என்றுதான் எழுதுவான்.

நாம் கேட்பதற்குப் புதிய சட்டம் அவசியமில்லை. ஓர் உத்தரவும், கொஞ்சம் பசையும் போதும்.

ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட எந்த மனைப்பிரிவு மனுவும் வந்த ஒரு வாரத்துக்குள், அதன் சுருக்கம் பேரூராட்சிச் சுவரிலும், அந்த நிலத்திலும், பக்கத்து டீக்கடை இருக்கும் முச்சந்தியிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். புல எண், பரப்பு, எத்தனை மனை, எந்த ஓடை, எந்த வாய்க்கால் என்பவை அதில் இருக்க வேண்டும். முப்பது நாள் ஆட்சேபணைக்கு விட வேண்டும். ஆட்சேபணை வந்தால் மன்றக் கூட்டத்தில் வைத்து விசாரிக்க வேண்டும். உத்தரவில் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். 49-வது பிரிவின் மூன்று கேள்விகளையும் தனித்தனித் தலைப்பாகப் போட்டு, அதிகாரி தன் காரணத்தைக் கைப்பட எழுத வேண்டும். அனுமதிக்கும் காரணம், மறுப்புக்கும் காரணம். அதுவும் தமிழில். 1956-லேயே ஆட்சிமொழிச் சட்டம் கொண்டுவந்த ராஜ்யம் இது. வாய்க்கால் கரைக்காரனின் வாழ்வைத் தீர்மானிக்கிற காகிதம் அவனுக்குப் புரியாத மொழியில் இருப்பது என்ன நியாயம்? ஒரே ஓடையின் நீர்பிடிப்பில் இதுவரை தரப்பட்ட அனுமதிகள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்து, புதிய மனுவோடு சேர்த்து வைக்க வேண்டும். மலையடி ஊர்களில் எவையெவை மலைப்பகுதி ஆணையத்தின் பட்டியலில் உள்ளன என்பதும் அந்தந்த ஊர்ச் சுவரிலேயே எழுதப்பட வேண்டும். நிலம் வாங்குகிற ஏழை அதைத் தரகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை கூடாது.

சர்க்கார் உத்தரவுக்காகக் கைகட்டிக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மன்றம் நினைத்தால் சுவரில் ஒட்டுவதை இன்றே தொடங்கலாம். அதைத் தடுக்கிற விதி எதுவும் இல்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதன்முறையாகப் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர்க் குழாய் பற்றி அங்கே பேசினார்கள். அவை பேச வேண்டியவைதாம். அடுத்த தடவை பாலசமுத்திரத்தில் பகுதி சபை கூடும்போது, நம் தோழர்களும் விவசாயிகளும் தவணை மனைக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இன்னொன்றையும் கேட்க வேண்டும். சென்ற ஓராண்டில் எத்தனை மனைப்பிரிவு மனுக்கள் வந்தன? எந்தெந்தப் புல எண்? எதற்கு அனுமதி, எதற்கு மறுப்பு? ஊருக்குத் தானமாக வந்த பொதுவெளி எந்த இடத்தில் இருக்கிறது. அங்கே இப்போது நிற்பது மரமா, தண்ணீரா? செயல் அலுவலர் பதில் சொல்லட்டும். சொன்ன பதிலை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் செய்து, அதன் நகலை வாங்கிக்கொண்டு, வரைபடத்தோடு ஓடைக்கரைக்கு நேரே நடந்து போய் ஒத்துப் பார்த்துவிட்டு வரட்டும்.